“சத்தியம் பண்ணுங்க மிஸ்!”

இந்த முறை வந்த கடிதங்களில் பல, சமூகப்பணியில் இருக்கும் இளம்பிள்ளைகள் எழுதியவை. 31 வருடம் இதே வேலையைப் பார்த்தவள் நான். முதலில் ஒரு குழந்தைகள் இல்லம், அப்புறம் மருத்துவமனை. அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. எழுதியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் வெளியிடுகிறேன். ஊர், வகுப்பு, வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ‘இது நம்ம தெருப் பொண்ணுதானே’ என்று யாரும் யூகித்துப் பார்க்க வேண்டாம்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, அம்மா. ஒரு தொண்டு நிறுவனம் மூலமாகப் பள்ளியில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ், அப்பதான் சொல்வேன்” என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர் ஒருவர் அவளிடம் தப்பாக நடந்துகொள்வதாகச் சொல்லி அழுதாள். தலைமை ஆசிரியரிடம் போனேன். “பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும், வீட்டில் கூப்பிட்டுப் பேசி முடிப்போம்” என்கிறார். எங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளரோ, “ரகசியம் காப்பதுதான் நம் தொழில் அறம், எழுத்தில் எதுவும் வைக்காதே” என்கிறார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. செய்த சத்தியத்தை மீறலாமா?
— பெயர், ஊர் வேண்டாம்

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களை அழைத்துப் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயமா இது? அன்று பேசியதைத்தான், இதே இடத்தில் தவித்து நிற்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நீங்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டியது எதுவுமே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆவது பிரிவு. 18 வயது நிரம்பாத ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர், நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர், யாராக இருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். டாக்டர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள், நான் என்ற வித்தியாசம் கிடையாது. சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்து, அதன் பொறுப்பாளர் மூடி மறைத்தால் அவருக்கு 1 வருடம் வரை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் தானும் ஒரு குழந்தையாக இருந்தால் மட்டும்தான் தண்டனையிலிருந்து விலக்கு.

இதில் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. மேலதிகாரியிடம் சொன்னதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. சட்டம் சொல்வது சிறப்புச் சிறார் காவல் பிரிவை, அல்லது உள்ளூர்க் காவல் நிலையத்தை. உங்கள் ஊரில் அது அனைத்து மகளிர் காவல் நிலையமாக இருக்கும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் கட்டாயம் அழையுங்கள், குழந்தைக்குத் துணையாக ஆள் வருவார்கள். ஆனால் கைப்பட ஒரு புகாரும் காவல் நிலையத்தில் இருக்கட்டும், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நடந்தது உண்மையா என்று துப்புத் துலக்குவது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே 19-ஆவது பிரிவே சொல்கிறது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மகாராஷ்டிராவில் ஒரு பள்ளி விடுதி மாணவிகள் பாதிக்கப்பட்ட வழக்கு. தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவர்மேல் போடப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்த ரத்து செல்லாது, சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை உங்கள் தலைமை ஆசிரியரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

சட்டம் இவ்வளவுதான். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது சட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தியம்தான்.

நானும் அப்படி ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். 1990-களின் நடுவில், குழந்தைகள் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. போக்சோ எல்லாம் அப்போது இல்லை. 11 வயதுப் பிள்ளை ஒருத்தி. துணி உலர்த்தும் கொடிக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஏன் அடம்பிடிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ரகசியம் காக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். காத்தேன். மே மாதம் அவள் மாமா வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போனார். ஜூனில் அவள் திரும்பி வரவில்லை. விலாசத்தைத் தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்தது. நான் காத்த ரகசியத்தால் நிம்மதியாக இருந்தது அந்த ஆள் ஒருவன்தான். அவளுக்கு இப்போது 40 வயதுக்குமேல் ஆகியிருக்கும். எங்கே, எப்படி இருக்கிறாளோ என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே, மீறலாமா என்று கேட்காதீர்கள். அந்தச் சத்தியத்தைக் கொடுக்கும் உரிமையே உங்களுக்கு இருக்கவில்லை. இது உங்களைத் திட்டுவதற்காக இல்லை, எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் ரகசியம் பற்றிச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு அதன் எல்லையைப் பற்றி நமக்குச் சொல்லித்தரவில்லை. ரகசியம் என்பது நம்மிடம் பேசுகிறவரின் சொத்து. அவருக்குத் தீங்கு வராமலிருக்க நாம் அதைக் காவல் காக்கிறோம். தீங்கே அந்த ரகசியத்துக்குள் இருந்தால், காவல்காரன் கதவைத் திறக்கத்தான் வேண்டும்.

இனி எந்தக் குழந்தை உங்கள் எதிரே உட்கார்ந்தாலும், அது வாயைத் திறக்கும் முன்னே இதைச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் என் மேசை இழுப்பறையின் உள்பக்கம் எழுதி ஒட்டியே வைத்திருந்தேன்: “நீ சொல்றதை நான் கண்டவங்ககிட்ட சொல்லமாட்டேன். ஆனா உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னாலோ, நீயே உனக்கு ஏதாவது பண்ணிக்கப் போறன்னாலோ, உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லியாகணும். யார்கிட்ட, என்ன சொல்லப்போறேன்னு உங்கிட்ட முதல்ல சொல்லுவேன்.” இதைக் கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளுமே என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். சில பிள்ளைகள் அன்று பேசாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இரண்டு நாள் கழித்துத் தாங்களாகவே வந்தார்கள். காப்பாற்றும் வழி தெரிந்த ஒருவரைத்தானே அந்தப் பிள்ளையும் தேடுகிறது.

காவல் நிலையத்துக்குப் போகும் முன் அவளிடம் போங்கள். “உனக்குச் சத்தியம் பண்ணினது என் தப்பு. மன்னிச்சுக்கோ” என்று சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள்: வாக்குமூலம் வாங்க அவள் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ வருவார்கள், கூடியமட்டும் சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வருவார், சீருடையில் வரமாட்டார், இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் 24-ஆவது பிரிவில் இருக்கிறது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு நியமிக்கும் ஆதரவு நபர் ஒருவர் வழக்கு முடியும்வரை கூட வருவார். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் பிள்ளையின் பயம் பாதி குறையும்.

‘எழுத்தில் வைக்காதே’ என்ற ஒருங்கிணைப்பாளரின் பேச்சைக் கேட்காதீர்கள். தேதி, நேரம், இடம், அவள் சொன்னது அவள் வார்த்தையிலேயே. “பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கப்பட்டதாகத் தெரிகிறது” என்று உங்கள் பாஷையில் எழுதாதீர்கள். “மாமா கதவைச் சாத்துவாரு” என்று சொன்னாளா, அதை அப்படியே எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் சேர்க்க வேண்டாம், அது அவளை வதைக்கும், வழக்கையும் கெடுக்கும். உங்கள் குறிப்பேடு நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சமூகப் பணியாளரிடம் பேசியதற்கு அது கிடையாது. கூண்டில் ஏறினால் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகையால் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதி, பூட்டி வையுங்கள். அவள் பெயர் ஆசிரியர் அறையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஓர் இடத்தில்கூட வரக்கூடாது. ‘நம் தொழில் அறம்’ என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்ன ரகசியம் காக்கப்பட வேண்டிய இடம் அதுதான்.

அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் நான். 17 வயதுப் பெண், மூன்று மாதக் கர்ப்பம். பையனுக்கு 19. இருவரும் விரும்பித்தான் பழகியிருக்கிறார்கள். “கேஸ் வேண்டாம் சார், அந்தப் பையன் வாழ்க்கையும் போயிடும்” என்று அம்மா காலில் விழுகிறார். கருக்கலைப்பு மட்டும் போதும் என்கிறார்கள். மனசாட்சிப்படி எதுவும் எழுதாமல் விட்டுவிடலாமா?
— மருத்துவமனைப் பணியாளர் ஒருவர்

தம்பி, என் பணிக்காலத்தின் கடைசி ஏழெட்டு வருடத்தில் என்னை அதிகம் வாட்டியது இந்த மாதிரி வழக்குகள்தான். போக்சோ 18 வயதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு ஒரு மாதம் இந்தப்பக்கம் நிற்கும் பெண்ணின் ‘சம்மதம்’ சட்டத்தின் கண்ணில் சம்மதமே இல்லை. வழக்குக்குப் பயந்து, மருத்துவமனைப் பக்கமே வராமல், எங்கேயோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கோடு நள்ளிரவில் கொண்டுவரப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் சங்கடம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

இருந்தாலும் ‘எழுதாமல் விடுவது’ உங்கள் கையில் இல்லை. தகவல் சொல்லும் கடமைக்குக் காதல் என்ற விலக்கு சட்டத்தில் இல்லை.

கையில் இருப்பது வேறொன்று. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. 18 வயதுக்குட்பட்ட பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. நிறைய மருத்துவமனைகளில் இது இன்னும் தெரியவில்லை. அந்தத் தீர்ப்பு பேசுவது மருத்துவரைப் பற்றி என்பதை மறக்க வேண்டாம். எனவே நீங்கள் தனியாக எதையும் மறைக்கவும் வேண்டாம், தனியாக எங்கும் ஓடவும் வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் போய், இந்தத் தீர்ப்பைச் சொல்லி, அவர் வழியாகத் தகவல் போகட்டும். அம்மாவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். மூன்று மாதம்தான் என்பதால் காலவரம்புச் சிக்கல் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அந்த அம்மாவை அனுப்புங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். பையனின் கதி என்ன என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, காதலில் விழுந்த வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘விரும்பித்தான் பழகினார்கள்’ என்று உங்களுக்குச் சொன்னது யார்? ஒருமுறை இதே மாதிரி ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். காதல் என்றார்கள். பெண் தலையாட்டினாள். அம்மாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, “இப்ப சொல்லுடா” என்றேன். அம்மா திரும்பி வருவதற்குள் கதை முழுக்க வேறாக இருந்தது. சொல்லப்பட்ட பையனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவளைத் தனியாகப் பார்த்துப் பேசினீர்களா தம்பி? இல்லையென்றால் இன்றே பேசுங்கள்.

என் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையை, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து வாசலில் பார்த்தேன். அங்கிருக்கும் கவுன்சிலரிடம் போய், “எச்.ஐ.வி. இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்று கெஞ்சினேன். சொல்ல முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட விதி பெரிதா?
— தங்கைக்கு அண்ணன், தென்மாவட்டம்

உங்கள் பதற்றம் நியாயமானது. அந்தக் கவுன்சிலர் செய்ததும் சரிதான். முகத்தில் அடித்த மாதிரிப் பேசியிருக்க வேண்டாம், அதற்கு அவர் சார்பில் நான் வருத்தப்படுகிறேன்.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: வாழ்க்கைத்துணைக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கிறது, ‘நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று ஆலோசனை கொடுத்தாகிவிட்டது, அவர் சொல்லமாட்டார் என்று உறுதியாகிவிட்டது, ‘அப்படியானால் நான் சொல்லப்போகிறேன்’ என்று அவருக்கும் தெரிவித்தாகிவிட்டது. இத்தனையும் நடந்த பிறகு மருத்துவரோ கவுன்சிலரோ துணையிடம் நேரில் சொல்லலாம். அதுவும் துணையிடம் மட்டும். அண்ணனிடம் இல்லை. நிச்சயம் மட்டும் ஆன பெண், அந்தச் சட்டம் ‘துணை’ என்று சொல்வதற்குள் வரமாட்டாள். தன் நிலையைச் சொன்னால் வீட்டைவிட்டுத் துரத்துவார்கள், அடிப்பார்கள் என்ற ஆபத்தில் இருக்கும் பெண்ணின் விஷயத்தில், இந்த விதிவிலக்கைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. மருமகளுக்குத் தொற்று என்று தெரிந்ததும் முதலில் அவளைத் திண்ணைக்குத் தள்ளிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவளுக்குக் கொடுத்தவனே உள்ளே கட்டிலில் படுத்திருப்பான்.

1998-இல் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது வெளியே தெரிந்து, அவருடைய திருமணம் நின்றுபோன வழக்கு. மணப்பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் மருத்துவமனைமேல் தப்பில்லை என்ற நீதிமன்றம், இப்படிப்பட்டவருக்குத் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்படும் என்கிற அளவுக்குப் போனது. திருமண உரிமை பற்றிச் சொன்னதை 2002-இல் அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. 2017 சட்டம் அதற்கெல்லாம் பின்னால் வந்தது.

நம்பிக்கை மையத்துக்கு ஒருவர் போவதற்கு நூறு காரணம் இருக்கும். அங்கே வேலை பார்க்கும் நண்பரைப் பார்க்கக்கூடப் போயிருக்கலாம். உங்களுக்கு வழி ஒன்று இருக்கிறது, நேர் வழி. கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் தங்கையும் செய்துகொள்ளட்டும். ஜாதகம் பார்க்க வெட்கப்படுகிறோமா என்ன? வாசலில் பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், தங்கையிடமும்கூட.

எங்கள் இல்லத்துக்குத் தீபாவளிக்குத் துணி கொடுப்பவர்கள் குழந்தைகளோடு நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். தடுத்தால் அடுத்த வருடம் வரமாட்டார்கள் என்கிறார் நிர்வாகி.
— இல்லப் பணியாளர்

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆவது பிரிவு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த ஒரு பத்தியைக் கத்தரித்து நிர்வாகியின் மேசையில் வையுங்கள்.

கொடுப்பவர்கள் மோசமானவர்கள் இல்லை. சந்தோஷத்தில் செய்கிறார்கள். குழந்தைகள் கோலம் போட்டு, தாங்களே எழுதிய வாழ்த்து அட்டையைக் கொடுங்கள், அதைப் படம் எடுத்துப் போடட்டும். எங்கள் இல்லத்தில் வளர்ந்து கல்லூரிக்குப் போன பையன் ஒருவன், புது ஜமுக்காளத்தைக் கையில் பிடித்தபடி 9 வயதில் நின்ற தன் படத்தை வகுப்பில் யாரோ போனில் காட்டினார்கள் என்று சொல்லி, ஒரு வாரம் கல்லூரிக்குப் போகாமல் இருந்தான்.

மாதம் 30 ஹோம் விசிட் கணக்கு. போக்குவரத்துப் படி கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் சூப்பர்வைசர். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
— களப்பணியாளர்

போடாதீர்கள். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுவது பொய் ஆவணம். நாளைக்கு ஏதாவது நடந்தால் அதில் இருப்பது உங்கள் கையெழுத்து, சூப்பர்வைசருடையது இல்லை.

சட்டச் சிக்கலைவிட என்னைப் பதறவைப்பது வேறு. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஒரு சிறுவன் நிறுத்தப்பட்டால், 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை கேட்பார்கள். நன்னடத்தை அலுவலர் எழுதுவார். அவர் இல்லையென்றால் குழந்தைகள் நல அலுவலரோ சமூகப் பணியாளரோ எழுத வேண்டும். அவனை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று யோசிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு பக்கம்தான் கண். சைக்கிள் திருடினான் என்று பிடிபட்ட ஒரு பையனின் ஃபைலில் ‘தந்தை இல்லை’ என்று இருந்தது. நான் பஸ் மாறி மாறி அவன் வீட்டுக்குப் போனேன். தந்தை இருந்தார். கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கயிற்றுக் கட்டிலில். அவரைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போக வீட்டில் இருந்தது அந்தப் பையன் மட்டும்தான். பள்ளிக்கு ஏன் போகவில்லை என்பதற்கும், சைக்கிள் எதற்கு என்பதற்கும் பதில் அந்த வீட்டில்தான் இருந்தது. மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அவனை இல்லத்தில் விட்டிருப்பார்கள், அப்பா கட்டிலிலேயே கிடந்திருப்பார்.

30 முடியாது, 12 முடியும் என்றால் 12 என்று எழுதுங்கள். ஏன் முடியவில்லை, படி இல்லை, பஸ் இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆபத்து வரலாம். அப்படி எதுவும் வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

நாட்டுக்கோழி முட்டை பத்துக் கொண்டுவந்தார் ஒரு பாட்டி. வாங்கலாமா?
— முதியோர் திட்டப் பணியாளர்

வேலை முடிவதற்கு முன்னால் கொடுத்தால் வேண்டாம். கொடுத்தால்தான் நடக்கும் என்று அவர் நினைத்துவிடுவார். பென்ஷன் கைக்கு வந்த பிறகு அன்பாகக் கொண்டுவந்தால், அவர் முகத்துக்கு எதிரே மறுத்து அவமானப்படுத்தாதீர்கள். வாங்கி, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். பணம் என்றால் எப்போதும், யாரிடமும் வேண்டாம்.

டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் இருக்கிறது, தப்புச் செய்தால் பதிவை ரத்து செய்கிறார்கள். சமூகப் பணியாளர் தப்புச் செய்தால் யாரிடம் போவது?
— எம்.எஸ்.டபிள்யூ. இறுதியாண்டு மாணவி, சென்னை

சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். மும்பையில் 1936-இல் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கை ஆரம்பித்தார். இத்தனை காலமாகியும் சமூகப் பணியாளர் அனைவருக்குமான சட்டபூர்வ கவுன்சில் நம் நாட்டில் இல்லை. 1997-இல் சமூகப்பணி ஆசிரியர்கள் கூடி ஓர் அறப் பிரகடனம் எழுதினார்கள். நல்ல பிரகடனம், ஆனால் மீறியவரைத் தண்டிக்க அதற்குக் கை கிடையாது. 2021-இல் வந்த இணைசுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2017 மனநலச் சட்டமும் மனநலச் சமூகப் பணியாளர் யார், என்ன படித்திருக்க வேண்டும் என்று வரையறுத்து, நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று சொல்கிறது. மற்றவர்கள்? இல்லம், பள்ளி, தொண்டு நிறுவனம் என்று வேலை பார்ப்பவர்களுக்குப் பதிவும் இல்லை, பறிக்க எதுவும் இல்லை. இது மாற வேண்டும் என்று 20 வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசி வருகிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேரும் முதல் நாள், சம்பளம் பேசும்போதே கேளுங்கள்: உங்கள் நிறுவனத்தில் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா? ரகசியம் எங்கே முடிகிறது, புகாரை யார், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருக்கிறதா? நிறுவனத்துக்கு எதிராகவே பணியாளர் புகார் சொல்ல வேண்டி வந்தால் யாரிடம் போக வேண்டும்? இல்லை என்றால், நாம் உட்கார்ந்து எழுதலாமா என்று கேளுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.